கேசட்டில் மழை இல்லை

கேள்வி: இருபது வயதில் அண்ணனோடு ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் போனேன். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. பாடகி நிறுத்தவே இல்லை. வெறும் குரலில் அந்தப் பாட்டைப் பாடி முடித்தார். அதற்கப்புறம் எத்தனையோ கச்சேரிகள் கேட்டுவிட்டேன், அந்த ராத்திரிக்கு ஈடாக ஒன்றும் இல்லை. போன மாதம் அண்ணனின் நண்பரிடமிருந்து அதே நிகழ்ச்சியின் கேசட் கிடைத்தது. மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்ததாம். முதல் பக்கத்தைக் கேட்டேன். பாட்டு எங்கேயும் தடைபடவில்லை, மழைச் சத்தம்கூட இல்லை. “நீ சொல்றது வேற வருஷம்” என்கிறார் அண்ணன். அதோடு அணைத்துவிட்டேன். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் நான் சொல்லிவந்தது பொய்யா? மறுபக்கத்தைக் கேட்கலாமா, வேண்டாமா? என் மகள் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் முழுவதையும் ஃபோனில் எடுத்துவிடுகிறாள். அதுதான் சரியோ என்று இப்போது தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மறுபக்கத்தை அவசியம் கேளுங்கள். ஆனால் இன்றைக்கே வேண்டாம். அதற்கு முன்னால் நீங்களும் அண்ணனும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்தது’ என்ற வரிதான். மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வயர் மிக்ஸருக்கு வருகிறது. அங்கே எல்லாம் கலந்து, ஒரு வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் போகிறது. இன்னொரு வழியாக டேப் ரெக்கார்டருக்குப் போகிறது. ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் கரண்ட் போனால் மைதானத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. மிக்ஸரும் ரெக்கார்டரும் வேறு லைனில் இருந்தால் கேசட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், மைக்கில் விழும் குரல் வழக்கம்போலப் பதிவாகும். அப்படி நடந்திருந்தால், நீங்கள் கேட்ட வெறும் குரலும் உண்மை, கேசட்டில் தடைபடாத பாட்டும் உண்மை.

மழை கேட்காததிலும் ஆச்சரியமில்லை. பாடுகிறவர் வாயருகே இருக்கும் மைக், தன் பக்கத்தில் இருப்பதைத்தான் பெரிதாக எடுக்கும். தூரத்து மழையும் உங்கள் பக்கத்தில் நின்றவர்களின் கைதட்டலும் அதில் ஒரு மெல்லிய இரைச்சலாக விழுந்தாலே பெரிசு. இந்த மாதிரிப் பதிவுகளில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: குரல் காதோரம் கேட்கும், டிரம்ஸ் எங்கோ அடுத்த அறையில் ஒலிக்கும். டிரம்ஸ் மேடையிலேயே போதிய சத்தத்தோடு இருப்பதால் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் அதைக் குறைவாகத்தான் ஏற்றுவார். அரங்கத்தில் நேரடிச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்து சரியாகிவிடும். கேசட்டுக்கு வந்து சேர்வது அந்தப் பாதி மட்டும். மிக்ஸர் பதிவு என்பது அன்றைக்கு அங்கே இருந்த யாருமே கேட்காத ஒரு சத்தம். அதை வைத்து உங்கள் காதுக்குத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

இதனால் நீங்கள் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடாது. அண்ணன் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரண்டு வருடத்து நிகழ்ச்சிகள் ஒன்றாகக் கலந்துபோவது மிகச் சாதாரணமாக நடப்பது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற இரு உளவியலாளர்கள், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் பங்கு மாணவர்கள், எங்கே, யாரோடு, எப்படி என்ற எல்லாவற்றையும் தவறாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் தாங்கள் சொல்வதில் உறுதியாகவும் இருந்தார்கள். அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இவர்களில் யாரும் பொய்யர்கள் இல்லை. பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னதும் அப்படித்தான். மனதில் இருந்ததைச் சொன்னீர்கள்.

பதிவு கையில் இருந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாணிப் பாடல்களால் புகழ்பெற்ற பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறினார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. எலக்ட்ரிக் இசை பிடிக்காமல் கத்தினார்கள் என்கிறார்கள் சிலர். ஒலி கெட்டுப்போய் வரிகள் புரியாததால் கத்தினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். குழுவோடு மூன்றே பாட்டு பாடிவிட்டு இறங்கியதுதான் காரணம் என்பாரும் உண்டு. அன்றைய ஒலிப்பதிவும் இருக்கிறது, படமும் இருக்கிறது. அங்கே நின்றவர்கள் பல பத்தாண்டுகளாக ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நீங்களும் அண்ணனும் இரண்டே பேர்.

அதே பாடகரின் இன்னொரு பதிவு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1966 மே 17-ல் மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் அவர் பாடியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று, அதாவது துரோகி என்று, கத்தினார். அந்தப் பதிவு திருட்டுத்தனமாகக் கைமாறியபோது, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்ற தவறான பெயரோடே பல ஆண்டுகள் சுற்றியது. 1998-ல்தான் அது முறையாக வெளியானது. உலகப் புகழ்பெற்ற ஒரு பதிவுக்கே ஊர் மாறி ஒட்டிக்கொள்கிறது என்றால், உங்கள் கேசட்டின் மேல் எழுதியிருக்கும் தேதியை எழுதியது யார், எப்போது என்று கேட்டுப் பாருங்கள். அண்ணனின் நண்பர் பத்து வருடம் கழித்து, பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது, ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கலாம். அப்படியானால் நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது உங்கள் நினைவை இன்னொருவரின் நினைவோடு.

கடையில் வாங்கும் லைவ் பதிவுகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய பீட்டில்ஸ் இசைக்குழுவின் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிப் படமாக்கினார்கள். ஒலி சரியில்லை என்று அடுத்த ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோவில் பல பகுதிகளைத் திரும்பப் பாடி, வாசித்துச் சேர்த்தார்கள்.

சரி, அந்த வேலை. ஒரு தாளை எடுத்து அந்த ராத்திரியை எழுதுங்கள். கதையாக வேண்டாம், துண்டு துண்டாகப் போதும். எந்தப் பக்கம் நின்றீர்கள், முன்னால் யார் மறைத்தார்கள், செருப்பு சேற்றில் மாட்டியதா, மழை முதலில் தலையில் விழுந்ததா கையில் விழுந்ததா, ஸ்பீக்கர் நின்றவுடன் பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார், வீட்டுக்கு எப்படித் திரும்பினீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இது என் கண்ணுக்குள் தெரிகிறதா, அல்லது பிறகு யாராவது சொல்லி வந்ததா, அல்லது நானே பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகியதா. இந்த மூன்றாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் நாம் பழையதைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று கேம்பிரிட்ஜின் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். நல்ல கதைசொல்லிகளுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே நடக்கும் என்பது என் எண்ணம்.

அண்ணனும் தனியாக எழுதட்டும். இரண்டு பேரும் முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்க வேண்டாம். கேசட்டுக்கு முன்னால் இதை ஏன் முடிக்கச் சொல்கிறேன் என்றால், மறுபக்கத்தைக் கேட்டுவிட்டால் அந்தச் சத்தம் உங்கள் மனதில் இருக்கும் சத்தத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எது அன்றைக்குக் கேட்டது, எது போன மாதம் கேட்டது என்று பிரிக்க முடியாது. முதல் பக்கத்தோடு நீங்கள் அணைத்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

பிறகு அண்ணனோடு உட்கார்ந்து கேளுங்கள். பாடகியின் குரல் ஒரு கட்டத்தில் திடீரென்று உரத்து, இறுகி ஒலிக்கிறதா? ஸ்பீக்கர் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் யாரும் அப்படித்தான் பாடுவார்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றனவா? மேடையில் அவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளும் ஸ்பீக்கரும் போயிருந்தால் தாளம் தடுமாறும், சிலர் வாசிப்பதை நிறுத்தியே இருப்பார்கள். கூட்டத்தின் சத்தம் சட்டென்று மைக்கில் கூடுகிறதா, குறைகிறதா? பாட்டுகளுக்கு நடுவே வெட்டு விழுந்த மாதிரி ஓர் இடம் வருகிறதா? 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். திருப்பிப் போடும் நேரத்தில் மேடையில் நடந்தது எதிலும் பதிவாகாது.

இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். அப்போதும் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள். ‘எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது, மாமா வேறு வருஷம் என்கிறார், கேசட்டில் இப்படி இருக்கிறது’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நனைந்துகொண்டு நின்ற இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரு குரல் என்ன செய்தது என்பது இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது. அதை அண்ணனாலோ கேசட்டாலோ சொல்ல முடியாது. நான் உங்கள் மகளாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

மகளின் ஃபோன் விஷயத்துக்கு வருவோம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர், கல்லூரி மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். முழுதாகப் படமெடுத்த பொருள்கள்தான் பிறகு குறைவாக நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அந்த இழப்பு இல்லை. அது கண்காட்சி, இது கச்சேரி. ஆனாலும் மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: தனக்கு மிகப் பிடித்த ஒரே ஒரு பாட்டை எடுத்துவிட்டு, மீதி நேரம் ஃபோனைப் பைக்குள் போட முடியுமா என்று. வீட்டுக்கு வந்ததும் நான்கு வரி எழுதிவைத்தால் இன்னும் நல்லது. தடை போடாதீர்கள், எடுத்தே தீருவாள்.

கடைசியாகக் கேசட். மறுபக்கத்தைப் போடுவதற்கு முன் அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிளேயரில் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய டேப் ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும், அதனால் முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிடுவது நல்லது, அதுவும் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக. குரல் நினைவில் இருப்பதைவிடக் கீச்சென்று கேட்டால் பதறாதீர்கள், பதிந்த கருவியும் ஓட்டும் கருவியும் ஒரே வேகத்தில் ஓடாமல் இருந்திருக்கலாம், கணினியில் சரிசெய்துகொள்ளலாம். பிரதி இரண்டு எடுங்கள். ஒன்று அண்ணனுக்கு, அவர் எழுதிய தாளோடு சேர்த்து.