எந்தக் கத்தியை விற்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக வார இறுதிகளில் கத்தி செய்கிறேன். இதுவரை அறுபது கத்திகள் இருக்கும். பெரும்பாலும் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இனி விற்கலாம் என்று முடிவெடுத்ததுமே குழப்பம் வந்துவிட்டது. ஒருவர் காட்டுக்குக் கொண்டுபோகும் பெரிய கத்தி கேட்கிறார், ஒருவர் மடக்குக்கத்தி, இன்னொருவர் சமையலறைக் கத்தி. அலகில் அலையலையாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ்தான் விற்கும் என்கிறார்கள் பலர். எதை விட்டாலும் அதைக் கேட்கிறவரை இழந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நானே அடித்த டமாஸ்கஸ் பட்டை ஒன்றும் பட்டறையில் கிடக்கிறது. எதைச் செய்து விற்கட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நண்பர்களுக்குக் கொடுத்த கத்திகளில் எத்தனையை ஒரு வருடம் கழித்துத் திரும்பக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள்? கூர் எங்கே மழுங்கியிருந்தது, பிடி எங்கே தளர்ந்திருந்தது, முனை வளைந்திருந்ததா, இல்லை அந்தக் கத்தி இழுப்பறைக்குள்ளேயே கிடந்ததா? நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். எந்த வேலையை நீங்களே தினமும் செய்கிறீர்களோ அந்த வேலைக்கான கத்தியைச் செய்யுங்கள். அதில் குறை இருந்தால் வாங்கியவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். விற்கத் தொடங்கிய புதிதில், காட்டில் விறகு வெட்டுவதற்கென்று ஒரு பெரிய கத்தி செய்தேன். முதுகு 6 மில்லிமீட்டர் தடிமன். படத்தில் அழகாக இருந்தது, உடனே விற்றும் போனது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அலகில் ஒரு குறையும் இல்லை. பிடியின் பின்பக்கம் ஒரு விளிம்பை நான் சரியாக உருட்டாமல் விட்டிருந்தேன். அரை மணி நேரம் வெட்டியதில் வாங்கியவரின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பட்டறையில் அந்தக் கத்தியை நான் இரண்டு நிமிடம்தான் பிடித்துப் பார்த்திருப்பேன். விறகு வெட்டுவது என் அன்றாட வேலை இல்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வகைக் கத்தியைச் செய்வதில்லை.

சமையலறைக் கத்தியில் இந்தச் சிக்கல் இல்லை. எல்லா வீட்டிலும் தினமும் வெட்டு வேலை இருக்கிறது. ஒரே எஃகு, ஒரே வடிவம், ஒரே நீளம், ஆனாலும் இரண்டு கத்திகள் வேறு வேறாக வெட்டும். காரணம், கூருக்குச் சற்று மேலே அலகின் தடிமன். அங்கே 0.2 மில்லிமீட்டர் இருந்தால் கெட்டியான கிழங்கில் அப்படியே இறங்கும். 0.6 இருந்தால் எவ்வளவு கூர் வைத்தாலும் ஆப்பு மாதிரி பிளக்கும். இது படத்தில் தெரியாது, பளபளப்பில் தெரியாது. ஒரு வாரம் நீங்களே வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே இரண்டு அளவு போதும் என்பேன். அலகு நீளம் 150 மில்லிமீட்டரில் ஒன்று, 210-இல் ஒன்று. முதுகு 2 அல்லது 2.5 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் பத்துக் கத்திகள் தொடர்ந்து செய்யுங்கள். வடிவத்தை மாற்ற ஆசை வரும், மாற்றாதீர்கள். நான்காவது ஐந்தாவது கத்தியில்தான் சாணையில் கை தானாகவே ஒரே சரிவைப் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் ஒரு கத்திக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்குப் போட முடியும். தீட்டுவது, உறை தைப்பது, படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாவற்றையும் அதில் சேருங்கள். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் விலை வைத்தால் நஷ்டம்தான்.

எஃகும் ஒன்றே இருக்கட்டும். சாதாரண உலைதான் இருக்கிறது என்றால் 1084. அது ஏறத்தாழ 0.84 சதவீதம் கார்பன் உள்ள எளிய எஃகு. 770 டிகிரி செல்சியஸில் காந்தம் ஒட்டாமல் போகும், அதற்குச் சற்று மேலே 815 வாக்கில் எண்ணெயில் தோய்ச்சல் போடலாம், அதாவது சட்டென்று முக்கிக் கடினமாக்கலாம். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை மிதமாகச் சூடாக்கி, நொறுங்காதபடி பதப்படுத்தினால் நல்ல சமையலறைக் கத்தி கிடைக்கும். 52100 எனக்கு மிகவும் பிடித்த எஃகுதான். ஆனால் அதற்கு ஒரே வெப்பத்தில் சில நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும், உலையில் கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. இவை இரண்டுமே துருப்பிடிக்கும். கத்தியைத் துடைத்து வைக்காத வீட்டுக்கு 1084 கொடுக்காதீர்கள், அங்கே ஏ.இ.பி.-எல் மாதிரி 13 சதவீதம் குரோமியம் உள்ள எஃகு வேண்டும். அதற்கு 1000 டிகிரிக்கு மேல் போகும் மின் உலை தேவை. இல்லையென்றால், தோய்ச்சலை மட்டும் வெளியே கொடுத்து வாங்குங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை, வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டால் சரி.

மடக்குக்கத்தி வேறு தொழில். அதில் பாதி பூட்டு வேலை. அதோடு விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திகளை வெளியே எடுத்துச் செல்ல சில நாடுகளில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம். படம் வரைந்து அனுப்பி 'இதே மாதிரி' என்று கேட்பவர்களிடமும் நயமாக மறுத்துவிடுங்கள். அவரை இழப்போமே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். செய்து பழகாத கத்தியை அவருக்குக் கொடுத்தால் அப்போதும் அவரை இழக்கத்தான் போகிறீர்கள், கூடவே அவருடைய நண்பர்களையும்.

டமாஸ்கஸ் விஷயத்துக்கு வருகிறேன். பழைய காலத்து டமாஸ்கஸ் மூசையில் உருக்கிய எஃகு. இன்று நாம் செய்வது இரண்டு எஃகுகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டுவது. 1084-உடன் 15என்20 என்ற எஃகைச் சேர்க்கும்போது, பின்னதில் இருக்கும் 2 சதவீத நிக்கலால் அது பெரிக் குளோரைடு என்ற அரிப்புக் கரைசலில் அதிகம் அரிக்காமல் வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். கோலம் அப்படித்தான் வருகிறது. அதனால் கத்தி கூடுதலாக வெட்டாது. அழகுக்காக வாங்குகிறவருக்கு அழகென்று சொல்லி விற்பதில் தவறில்லை. 'இது நன்றாக வெட்டும்' என்று சொல்லி விற்காதீர்கள். என்னைத் தயங்க வைப்பது வேறு ஒன்று. அடுக்குக்குள் ஒரு இடத்தில் ஒட்டாமல் போயிருந்தால், அது கடைசி மெருகில்தான் கறுப்புக் கோடாகத் தலைகாட்டும். அத்தனை நாள் வேலையும் போச்சு.

உங்கள் பட்டையின் இரு முனைகளிலும் ஒரு துண்டு அறுத்து, மெருகிட்டு, பெரிக் குளோரைடில் முக்கிப் பாருங்கள். ஒட்டாத இடத்தைக் காட்டும் அந்தக் கறுப்புக் கோடு இல்லையென்றால் அதில் அதே 150 மில்லிமீட்டர் வடிவத்தில் ஒரு கத்தி செய்து உங்கள் வீட்டுச் சமையலறையில் வையுங்கள். ஒரு வருடம் வெட்டிய பிறகு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்