மாரிக்கு எந்தக் கையுறை? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நிலாவெளியிலிருந்து தினமும் விடியக்காலையில் முக்கால் மணித்தியாலம் சைக்கிள் மிதித்து டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து அடிக்கும்போது உள்ளங்கை ஊறிச் சுருங்கி விரல்கள் விறைக்கின்றன. பிரேக் பிடிக்கவும் கை வழுக்குகிறது. கடையில் தண்ணீர் போகாத தடிப்பான கையுறை ஒன்று வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம். அது குளிர்நாட்டுக்கென்று செய்தது. அதன் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். மழைத்துளியை உள்ளே விடாது, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும். ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால், கையுறைக்கு உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்றில் ஈரப்பதம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். திருகோணமலையில் மாரி மழைக்குள்ளும் வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றோ ஈரத்தில் ஊறிக் கிடக்கும். ஆவி போக வழியில்லாமல் கை தன் வியர்வையிலேயே நனையும். மழையில் நனைந்தாலும் வியர்வையில் நனைந்தாலும் சுருங்குவது அதே தோல்தான்.

உங்களுக்குத் தேவை சூடு அல்ல, பிடி. கட்டட வேலைக்கும் மீன் வேலைக்கும் விற்கிற, உள்ளங்கையில் ரப்பர் தோய்த்த பின்னல் கையுறையைப் பாருங்கள். ரப்பர்ப் பக்கம் சுருக்கம் சுருக்கமாகவோ மணல் தூவியது போலவோ இருக்க வேண்டும். வழவழப்பானது மழையில் வழுக்கும். பின்னல் நைலோன் அல்லது பொலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாரமாகத் தொங்கும். இரண்டு சோடி வாங்கி, ஒன்றைப் போட்டு மற்றதைச் சொப்பிங் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது உதவும்.

விறைப்புக்குக் காரணம் கை மட்டுமல்ல. நனைந்த சட்டையில் காற்றுப் பட்டால் உடம்பு குளிரும். உடனே உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காக்க, விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே கையுறைக்கு முதல் நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள்.

உங்களுடையது கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிள் என்றால் இன்னொரு விசயம். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. அதைக் கையின் குற்றம் என்று நினைத்துத் தடித்த கையுறை போடுபவர்கள் உண்டு. நிற்க வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னரே மெதுவாக அழுத்தி ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு இறுக்கிப் பிடியுங்கள்.

கேள்வி: மகன் லண்டனில் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். சனவரியில் கூதல் மழைக்குள் 40 நிமிடம். இரண்டு கையுறை மாற்றியும் விரல் விறைக்குதாம். அடுத்த மாதம் மருமகள் போகிறா, அவவிடம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட நினைக்கிறேன். அளவை எப்படி எடுப்பது?
– தாய் ஒருவர், கிண்ணியா

பதில்: அம்மா, இங்கே வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். கையுறை போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருள். காசை அனுப்பிவிட்டு, கீழே உள்ளதை மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெருவிரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரலின் அடிமூட்டையும் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் வந்தால் 8ஆம் அளவு, 23 வந்தால் 9. இது தொடக்கம்தான், கம்பனிக்குக் கம்பனி மாறும். கடையில் கையை விரித்துப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஹாண்டிலைப் பிடிப்பது போல விரலை மடக்க வேண்டும். அப்போது விரல் நுனியில் துணி இழுபட்டால் அது சின்னது. இறுக்கமான கையுறை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் சூடு தராது. இரத்த ஓட்டத்தை நெரிக்கும், சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றுக்கும் உள்ளே இடம் இருக்காது. இரண்டு சோடி மாற்றியும் விறைக்கிறதென்றால் எங்கள் முதல் சந்தேகம் இதில்தான்.

இரண்டாவது, மழைத்தண்ணீர் போகிற வழி. சைக்கிள் ஓடும்போது கை முன்னுக்குச் சரிந்திருக்கும். தோளில் விழுகிற தண்ணீர் சட்டைக்கை வழியாக மணிக்கட்டுக்கு ஓடி வரும். கையுறையின் வாய் சட்டைக்கைக்கு மேலே இருந்தால், அது புனல் வைத்த மாதிரி. தண்ணீர் நேரே விரல் நுனிக்குப் போய்த் தேங்கும். ஆகவே கையுறையின் வாய் சட்டைக்கைக்கு உள்ளே இருக்க வேண்டும். கோட்டின் மணிக்கட்டுப் பட்டியை அதற்கு மேலே இறுக்க வேண்டும்.

மூன்றாவது, உட்துணி. ஈரக்கையை வெளியே இழுக்கும்போது உட்துணியின் விரல்களும் சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பிறகு அந்தச் சின்ன விரல்களைத் திரும்ப உள்ளே தள்ளுவது பெரும்பாடு. பின்னேரம் வீடு திரும்புகிற நேரத்தில் இது நடந்தால் கையுறை இருந்தும் இல்லாததுதான். கடையிலேயே உட்துணியைக் கிள்ளி இழுத்துப் பார்க்கட்டும். வெளித்துணியோடு ஒட்டியிருப்பதை எடுக்கட்டும்.

ஐரோப்பாவில் குளிர்க் கையுறை சிலவற்றில் பனிப்பூப் படமும் ஈஎன் 511 என்ற குறியும், கீழே மூன்று எண்களும் இருக்கும். முதல் எண் குளிர்காற்றுக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு. இரண்டும் 0 முதல் 4 வரை, கூடினால் நல்லது. மூன்றாவது தண்ணீருக்கு: 1 என்றால் சோதனையில் தண்ணீர் புகவில்லை, 0 என்றால் புகுந்துவிட்டது. சைக்கிளுக்கென்று விற்பவற்றில் இந்தக் குறி அதிகம் இராது. வேலைக் கையுறைகளில் தேடலாம்.

சில மாதத்தில் கையுறையின் மேல்துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். புதிதில் துளி உருண்டு ஓடும், பிறகு பரவி ஊறும். சவ்வு கிழிந்துவிட்டது என்று எறிய வேண்டாம். மேலே பூசிய நீர்விலக்கிதான் தேய்ந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்துக் காயவிட்டு, அதற்கென்று விற்கிற தெளிப்பானை அடித்தால் சரிவரும்.

இவ்வளவும் செய்தும் விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கின்றன என்றால் அது கையுறை விசயம் இல்லை. வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தம்பி ரொறன்ரோவில். அங்கே மைனஸ் 10க்கும் போகும். லண்டனில் சைக்கிள் ஓடப் போடுகிற மழைக் கையுறை அங்கே போதுமா?
– உவர்மலை வாசகி

பதில்: போதாது. ஐந்து விரலும் தனித்தனியே இருந்தால் அந்தக் குளிரில் ஒவ்வொன்றாக விறைக்கும். இரண்டு இரண்டு விரலாகச் சேர்த்து வைக்கிற, நண்டுக்கால் மாதிரிப் பிளந்த கையுறை வாங்கட்டும், பிரேக்கும் பிடிக்கலாம். அதைவிட நல்லது ஹாண்டிலிலேயே பூட்டுகிற பெரிய உறை. அதற்குள் சாதாரணக் கையுறையோடு கையை விட்டால் காற்றே படாது.

கேள்வி: தை மாதம் நண்பர்களோடு நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போகிறோம். எதைக் கொண்டு போவது?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றும், அதற்கு மேலே போடக் காற்றுப் புகாத தளர்வான ஒன்றும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஏறும்போது கழற்றி, நனையாமல் வையுங்கள். வியர்வையில் ஊறவிட்டால் இறக்கத்தில் அதுவே கூதலாகும். றம்பொடைப் பக்கம் இறங்கும்போது கால் வேலை செய்யாது, உடம்பில் சூடு உண்டாகாது, விரலோ பிரேக்கிலேயே இருக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே போட்டுவிடுங்கள். விறைத்த பிறகு போட்டால் சூடேற வெகுநேரம் எடுக்கும்.

கேள்வி: என் கையுறை ஒரே நாற்றம், கறுப்புப் புள்ளியும் விழுந்துவிட்டது. தோல் வைத்த பகுதி பலகை மாதிரி இறுகிவிட்டது.
– சீனக்குடா வாசகர்

பதில்: புள்ளி பூஞ்சணம். இறுக்கத்துக்குக் காரணம், தோலிலிருந்த எண்ணெய்ப் பசை மழையிலும் வியர்வையிலும் கழுவுப்பட, மிச்சத்தை வெயில் உறிஞ்சியது. ஒவ்வொரு மழை நாளும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுற்றி அழுத்துங்கள். விரல்களுக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றி, காற்றாடிக்குக் கீழே தொங்கவிடுங்கள். அடுப்படியில் வைக்கக் கூடாது. இறுகிய தோல் பழையபடி ஆவது கடினம். அடுத்த தடவை தோல் இல்லாததாக வாங்குங்கள்; எங்கள் மாரிக்குத் தோல் ஒத்துவராது.