இரட்டைப் பிள்ளை வரப்போகிறது: 32 வாரத்துக்குள் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்? (கேள்வி பதில்)

பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் 22 வருடம் செவிலியராக இருந்தேன். என் மகளுக்கும் இரட்டைப் பெண் குழந்தைகள்தான். அவர்களுக்கு இப்போது நான்கு வயது. வார்டில் கற்றதும் வீட்டில் கற்றதும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன். உங்கள் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் ஒன்று சொல்லி, நான் வேறு சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சிஸ்டர், எனக்கு 29 வாரம். வீட்டில் ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கப்புறம் சாமான் வாங்கினால் போதாதா? (திண்டுக்கல்)

போதாதும்மா. ஸ்கேன் ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் தேதி 40 வாரக் கணக்கு. அது ஒற்றைப் பிள்ளைக்கு. இரட்டைக்குக் கணக்கே வேறு. இரண்டு குழந்தைக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி இருந்து, வேறு சிக்கலும் இல்லையென்றால் 37 வாரம் முடிந்ததும் பிரசவம் பார்த்துவிடுவார்கள். ஒரே நஞ்சுக்கொடி, ஆனால் பனிக்குடம் தனித்தனி என்றால் 36 வாரம். நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று என்றால் 32 முதல் 34 வாரத்துக்குள் ஆபரேஷன். உங்களுக்கு இதில் எது என்பது 11 முதல் 14 வாரத்தில் எடுத்த ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். அந்தத் தாளை எடுத்து மருத்துவரிடம் காட்டி, "எனக்கு எந்த வகை, எத்தனையாவது வாரம்?" என்று கேட்டு ஃபைலின் மேலட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் புதிதாக ஒரு டாக்டர் பார்த்தாலும் அந்த ஒரு வரி அவருக்கு உதவும்.

இன்னொன்று. இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தோ தண்ணீர் உடைந்தோ பிறந்துவிடுகின்றன. அதனால் வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஒன்பதாம் மாதத்துக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, பிள்ளைகள் இரண்டும் வார்மர் என்னும் சூடு தரும் படுக்கையில் படுத்திருக்க, அந்த நாளில் கண்ணாடி வளையல் பெட்டியோடு வார்டுக்கு வந்து நின்ற ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மா வீடு அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள்.

வழக்கம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இரட்டைக்கு முதலில் மருத்துவமனையை முடிவு செய்யுங்கள், வீடு அப்புறம். போகப்போகும் இடத்தில் இவற்றைக் கேளுங்கள்: குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு படுக்கை கிடைக்குமா? ராத்திரியில் மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இருப்பார்களா? ரத்த வங்கி எவ்வளவு தூரம்? இதில் எதற்காவது "பார்த்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பிறந்த பிறகு 1,500 கிராம் பிள்ளைகள் இரண்டை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அவர்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்வது எவ்வளவோ மேல். உங்கள் விஷயத்தில், அம்மாவைக் கோவைக்கு வரச் சொல்லுங்கள். தாய்வீடு என்பது தாய் இருக்கும் வீடுதானே. பிள்ளைகள் தேறியதும் ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.

33 வாரம். இரண்டு நாளாக அடிவயிறு இறுகி இறுகி விடுகிறது. மாமியார் இது சூட்டு வலி, சீரகத் தண்ணீர் குடி, சரியாகிவிடும் என்கிறார். (விருத்தாசலம்)

இதைப் படித்ததும் கிளம்புங்கள். மீதியை வண்டியில் உட்கார்ந்து படிக்கலாம்.

சூட்டு வலி என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்ப்பப்பை அவ்வப்போது இறுகிப் பார்க்கும், அதுதான் பொய்வலி. நன்றாகத் தண்ணீர் குடித்து இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் அடங்கிவிடும். ஒற்றைப் பிள்ளை, 38 வாரம் என்றால் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பார்க்கலாம். இரட்டை வயிற்றில், 37 வாரத்துக்கு முன்னால், அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க நமக்கு நேரம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் இறுகினாலோ, இடுப்பின் பின்பக்கத்தில் விட்டு விட்டு வலித்தாலோ, கீழே கனத்து அழுத்துவது போல இருந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ நேரே மருத்துவமனைதான்.

எங்கள் வார்டுக்கு ஒரு பெண் இப்படித்தான் வந்தாள். 32 வாரம். ராத்திரி முழுக்கக் கஷாயம், காலையில் வெந்நீர் ஒத்தடம். வந்து சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் முக்கால்வாசி திறந்துவிட்டது. அடுத்த 40 நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன, 1,600 கிராம் ஒன்று, 1,350 கிராம் ஒன்று. பிள்ளைகளின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஊசியைப் போட நேரமே கிடைக்கவில்லை. சின்னவன் 19 நாள் மூச்சுக்குப் போராடினான். பிழைத்தான். முந்தின நாள் ராத்திரியே வந்திருந்தால் அந்த ஊசி போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதான் இன்றும் என் மனதில் நிற்கிறது.

மாமியாரோடு சண்டை வேண்டாம். "பத்து நிமிஷம் காட்டிவிட்டு வந்துவிடுவோம் அத்தை" என்று அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். பத்து தடவை அப்படிப் போனாலும் யாரும் உங்களைக் கேலி செய்யக் கூடாது.

அந்த நுரையீரல் ஊசியைப் பற்றியே கேட்க நினைத்தேன். ஸ்டீராய்டு என்கிறார்களே, பிள்ளைக்குக் கெடுதல் இல்லையா? (சேலம்)

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1972ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவீ என்ற இரண்டு மருத்துவர்கள் இதன் பலனை எழுதினார்கள். அன்றிலிருந்து குறைமாதப் பிள்ளைகளைக் காப்பாற்றிவரும் ஊசி இது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை. வேறு இடங்களில் பீட்டாமெத்தசோன், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை. குழந்தையின் நுரையீரல் காற்றை ஏற்கத் தயாராக இது உதவுகிறது. போட்டு ஒரு நாள் கழித்து ஒரு வாரம் வரை பலன் அதிகம். அதனால்தான் இரட்டை என்றாலே எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டு வைப்பதில்லை. சீக்கிரம் பிறக்கும் என்று தோன்றும்போது போடுகிறார்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், அதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரட்டை என்றால் ஆபரேஷன்தானா? (நாகர்கோவில்)

கட்டாயம் இல்லை. கீழே இருக்கும் முதல் பிள்ளை தலை கீழாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். 25 நாடுகளில் 2,800 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013ல் வெளிவந்தது. முதல் பிள்ளை தலைகீழாக இருந்தவர்களில், ஆபரேஷன் என்று முதலிலேயே திட்டமிட்டதால் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களிலும் 100க்கு 44 பேருக்குக் கடைசியில் ஆபரேஷன்தான் ஆனது. அதனால் இரண்டுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் பிள்ளை குறுக்கே கிடந்தாலோ கால் கீழாக இருந்தாலோ ஆபரேஷன் என்பார்கள். அதில் வாதாட வேண்டாம்.

எப்படிப் பிறந்தாலும் ஒன்று பொது. இரண்டு பிள்ளை சுமந்து விரிந்த கர்ப்பப்பை, பிரசவத்துக்குப் பிறகு சட்டென்று சுருங்காமல் ரத்தப்போக்கு அதிகமாகலாம். ஹீமோகுளோபின் 11க்குக் குறையாமல் இருக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் ராத்திரி அரிப்பு. தடிப்பு எதுவும் இல்லை. வயிறு விரிவதால் என்று விட்டுவிடலாமா? (ஓசூர்)

விடாதீர்கள். நாளைக்கே போய் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பு இப்படித்தான் இருக்கும், இரட்டையில் இது அதிகம். அதேபோல விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் வீங்குவது எல்லாம் ரத்த அழுத்தத்தின் அறிகுறி. அன்றைக்கே போக வேண்டும். வழக்கமாக உதைக்கும் பக்கம் அமைதியாகிவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

முழு ஓய்வில் படுத்தே இருந்தால் குறைப்பிரசவம் ஆகாதாமே?

ஆகும். படுத்தே கிடப்பது அதைத் தடுப்பதில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பாரம் தூக்காமல், களைத்தால் படுத்து, வீட்டுக்குள் நடமாடுங்கள். மருத்துவர் உங்களுக்கென்று தனியாகச் சொல்லியிருந்தால் அது வேறு. (ஒட்டு வாழைப்பழம் சாப்பிட்டதால்தான் இரட்டை என்று இதே தங்கை கேட்டிருந்தார். இல்லைம்மா, தாராளமாகச் சாப்பிடுங்கள்.)

நான் கணவன். அவள் 31 வாரம். எல்லாமே இரண்டிரண்டாக வாங்க வேண்டுமா? நான் என்ன செய்ய வேண்டும்? (திருவள்ளூர்)

உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது தம்பி. கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் உங்கள் மனைவியின் குரூப் ரத்தம் தர நான்கு பேரின் எண்ணை எழுதி வையுங்கள். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதிவாகியிருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். தகுதி இருந்தால் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் பணமும் சேர்த்து 18,000 ரூபாய் வரும். பிறந்ததும் 21 நாளுக்குள் இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், பிறந்த நேரம் இருவருக்கும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மனைவி தனியார் வேலையில் இருந்தால் சட்டப்படி 26 வார விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். இரட்டை என்பதற்காகக் கூடுவதில்லை. உங்கள் விடுப்பை எல்லாம் முதல் வாரத்திலேயே கரைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாளுக்காகப் பாதியை வைத்திருங்கள், அப்போதுதான் ஆள் தேவைப்படும்.

பொருள் என்றால்: துவைத்துக் காய வைத்த பழைய பருத்தி வேட்டி, சேலைத் துணி நிறைய. மழைக்காலமானால் இன்னும் நிறைய. தொப்பி நான்கு, கால் உறை நான்கு ஜோடி. முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று. சட்டை பெரிதாக வாங்காதீர்கள், 1,800 கிராம் பிள்ளை அதில் மூழ்கிவிடும். தூளி இப்போது வேண்டாம். குறைமாதப் பிள்ளையின் தலை அதில் மடங்கி மூச்சு அடைபடலாம். கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். பால் எத்தனை மணிக்கு, சிறுநீர், மலம், சொட்டு மருந்து என்று ஆளுக்கொரு பக்கம்.

இரண்டு பேருக்கும் பால் போதுமா? இப்போதே பவுடர் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். (மன்னார்குடி)

போதும் என்பதுதான் நான் கண்டது. எவ்வளவு பால் வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும். ஆனால் முதல் சில நாள் எப்படிப் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

34 வாரத்துக்கு முன்பு பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய வராது. மார்பில் போட்டால் தூங்கிவிடும். அதனால் பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலும் நீங்கள் முதல் ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். மார்புக் காம்புக்கு ஓர் அங்குலம் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். முதல் நாள் ஒரு ஸ்பூனின் அடி நனைகிற அளவு மஞ்சள் பால்தான் வரும். "இதைப் போய்க் கொண்டுவந்திருக்கேனே" என்று கூச்சப்பட்டு நீட்டிய எத்தனையோ தாய்மார்களின் கையிலிருந்து வாங்கி, இரண்டாகப் பிரித்துக் குழாய் வழியாகக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் அவர்களுக்கு மருந்து. இரவிலும் சேர்த்து நாளுக்கு எட்டு முதல் பத்து தடவை பீய்ச்சினால் ஒரு வாரத்தில் கிண்ணம் நிறையும். குழாய்க்கு அடுத்து பாலாடையில் ஊட்டுவோம், பிறகு மார்பு. உங்களுக்குப் பால் வரத் தாமதமானால் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பவுடர் மருத்துவர் சொன்னால் மட்டும்.

இரண்டு பேரும் மார்பில் குடிக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு கைக்கும் கீழே தலையணை வைத்து, அவர்கள் கால் உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டால் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். சேனை வைக்கிறேன் என்று தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதையும் நாக்கில் தடவ விடாதீர்கள்.

கங்காரு முறையையும் கேட்டுச் செய்யுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் 1970களின் கடைசியில் தொடங்கியது இது. வெற்று நெஞ்சில் பிள்ளையைத் தோலோடு தோலாகக் கட்டிக்கொள்வது, நாளுக்கு எட்டு மணி நேரமாவது. ஒருவர் அம்மாவிடம், ஒருவர் அப்பாவிடமோ பாட்டியிடமோ. என் மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சின்னவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் கால் சில்லென்று இருந்தது, அவர் எழுந்தபோது கதகதப்பாக இருந்தது.

ஒருவரை மட்டும் முதலில் வீட்டுக்கு அனுப்பினால்? (பெரம்பலூர்)

நடக்கும். மனது இரண்டாகக் கிழியும், அது இயல்பு. வீட்டுப் பிள்ளையைப் பாட்டி பார்க்க, நீங்கள் பகலில் பாலோடு போய் வாருங்கள். பீய்ச்சிய பால் சாதாரண வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும், வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோங்கள்.

ஒரே மாதிரி இருந்தால் எப்படி அடையாளம் வைப்பது?

எங்கள் வீட்டில் ஒரு நாள் இரும்புச் சத்துச் சொட்டு ஒருத்திக்கே இரண்டு தடவை போய்விட இருந்தது. அன்றே பெரியவளின் அரைஞாண் கயிற்றில் இரண்டு முடிச்சு, சின்னவளுக்கு ஒரு முடிச்சு. துணி மாற்றும்போதெல்லாம் கை தானாக முடிச்சைத் தேடும். கழுத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு ராத்திரி அழுகை வருகிறது, இரண்டு பேரை எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று. (ஊர் போட வேண்டாம்)

போடவில்லை கண்ணு. இது பலருக்கும் வருகிறது, கேட்டதே நல்லது. அடுத்த செக்கப்பில் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தாலோ, வாழவே வேண்டாம் போலத் தோன்றினாலோ அன்றே சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொரு வேலை இன்றைக்கே. ஒரு தாளில் முதல் 40 நாளின் ராத்திரிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள்: அம்மா, அத்தை, அக்கா, கணவர், அடுத்த வீட்டு அம்மா. அவரவருக்குப் போன் போட்டு, "அன்றைக்கு நீங்கள் வர வேண்டும், நான் நான்கு மணி நேரம் தூங்க வேண்டும்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மறுப்பவர்கள் குறைவு. இரண்டு இடம் காலியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், யாரைக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.