மிரர் லென்ஸில் புற ஊதாப் படம் எடுக்கலாமா?

கேள்வி: சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திப் பூக்களில் தேனீக்கள் காணும் புற ஊதாக் கோலங்களைப் படமெடுக்க விரும்புகிறேன். சென்சாரின் மேலுள்ள தடுப்பு வடிகட்டியை நீக்கிய கேமரா என்னிடம் இருக்கிறது. பழைய 500 மி.மீ. மிரர் லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறது. ஆடியில் நிறப்பிறழ்ச்சி (நிறத்துக்கு நிறம் குவியம் மாறும் குறை) இல்லாததால் அதுவே ஏற்றது என்கிறார் நண்பர். வாங்கலாமா?
– தாவரவியல் ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. எந்த அலைநீள ஒளியும் ஆடியில் ஒரே கோணத்தில்தான் திரும்பும் என்பதால், ஆடிகள் மட்டுமே கொண்ட அமைப்பில், கண்ணால் பார்த்துச் சரிசெய்த குவியம் புற ஊதாவிலும் மாறாது. 2015-இல் ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கிகள் ஆடிகளையே நம்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கேமராவுக்கான மிரர் லென்ஸ்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. கோள ஆடியின் பிறழ்ச்சியைத் திருத்த முன்னால் ஒரு கண்ணாடி வில்லையும், கேமராப் பக்கம் சிறு வில்லைகளும் இருக்கும். பின்புறம் பூச்சிட்ட மாஞ்சின் ஆடியாக இருந்தால், ஒளி அந்தக் கண்ணாடியையும் போகும்போதும் வரும்போதுமாக இருமுறை கடக்க வேண்டும். லென்ஸ்களில் பயன்படும் இருவகைக் கண்ணாடிகளில், கிரௌன் கண்ணாடி ஏறத்தாழ 350 நானோமீட்டர் வரை ஓரளவு வழிவிடும். ஃபிளிண்ட் கண்ணாடியும் வில்லைகளை ஒட்டும் பசையும் அதைவிட நீண்ட அலைநீளத்திலேயே புற ஊதாவை விழுங்கத் தொடங்கிவிடும். பூச்சையும் கவனிக்க வேண்டும்: அலுமினியம் புற ஊதாவை நன்றாகவே திருப்பும், கண்ணுக்கு அதைவிடப் பளபளக்கும் வெள்ளியோ 320 நானோமீட்டர் அருகே ஏறக்குறைய குருடாகிவிடும்.

உருகிய சிலிக்காவும் கால்சியம் ஃபுளோரைடும் 200 நானோமீட்டருக்குக் கீழும் ஒளியை விடும். ஒன்றின் நிறப்பிறழ்ச்சியை மற்றொன்று திருத்தும் என்பதால் இரண்டையும் சேர்த்தே விலையுயர்ந்த புற ஊதா லென்ஸ்களைச் செய்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. தேனீயின் புற ஊதா உணர்வு 344 நானோமீட்டர் அருகே உச்சம் பெறுகிறது. இதழ்களின் நுனி பளிச்சிட்டு அடி கறுத்துத் தெரியும் சூரியகாந்தி வளையமோ 365 நானோமீட்டர் அளவிலேயே தெளிவாகப் பதிந்துவிடும்.

ஆகவே வாங்குமுன் சோதியுங்கள். கறுப்பு வடிகட்டி பொருத்திய 365 நானோமீட்டர் டார்ச் ஒளியை, இருட்டறையில், லென்ஸின் வழியாகச் சாதாரண வெள்ளைத் தாளில் விழச் செய்தால், லென்ஸ் வழிவிடும் அளவுக்குத் தாள் நீலமாக ஒளிரும். லென்ஸ் இல்லாமலும் ஒருமுறை பார்த்து ஒப்பிடுங்கள். டார்ச்சை நேராகப் பார்க்க வேண்டாம்.

சோதனையில் தேறினாலும், பூவுக்கு அந்த லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வகை லென்ஸ்களில் பல, சில மீட்டர் தள்ளி நின்றால்தான் குவியும். துளையைச் சுருக்கவும் வழியில்லை. நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்களில் ஃபிலிம் காலத்து என்லார்ஜர்கள் (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவிகள்) தூசி படிந்து கிடக்கக்கூடும்; வில்லைகள் குறைந்த அந்த 80 மி.மீ. லென்ஸ்களில் சில, 365 நானோமீட்டர் ஒளியைத் தாராளமாக விடுபவை. அவற்றையும் இதே டார்ச்சால் சோதித்து, பெல்லோஸுடன் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் மடிப்புத் துருத்தி) கேமராவில் பொருத்திக்கொள்ளுங்கள்.