"ஸ்தோத்திரம்" சொல்ல வாய் வரவில்லை என்றால்...

கேள்வி: சோமனூர் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்தேன் அக்கா. நெய்யக் கொடுக்கிற பாவு நூல் சரியாக வராமல் நான்கு தறியை எடைக்குப் போட்டுவிட்டேன். கடன் இருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசம் இருங்கள் என்கிறார்கள் சபையில். காலையில் எழாமலே போனால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. நான் பின்வாங்கிப் போனேனா?

பதில்: இல்லைங்க தம்பி. நீங்கள் கடைசியில் எழுதியதை எலியா தீர்க்கதரிசி உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த மனுஷன், யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்கு ஓடிப்போய் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து (நம் வேலியோரத்தில் முள்ளோடு நிற்கிற சூரை வேறு, அது பாலைவனத்துப் புதர், நிழல் பேருக்குத்தான்) "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். முதல் இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அதற்குக் கர்த்தர் அவரைத் திட்டவில்லை, உபவாசம் இரு என்றும் சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் முறை எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லித் திரும்பவும் சாப்பிடச் சொன்னார். ஏற்கெனவே சோறு இறங்காதவனிடம் போய் உபவாசம் இரு என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் படிக்கிறார்கள் போல. அதனால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் அரிசிம்பருப்பு ஆக்கச் சொல்லுங்கள். நெய் ஊற்றி நாலு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

ஜெபிக்க வார்த்தை இல்லையென்றால் 88-ம் சங்கீதத்தை வாய்விட்டுப் படியுங்கள். கடைசி வசனம்வரை ஆறுதலே வராது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, யாரும் வெட்டி எறியவில்லை.

எனக்கும் ஒரு வருஷம் அப்படிப் போனது. பாட்டு எடுத்தால் வாய் திறக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஆராதனை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுவேன். ஒருநாள் வாசலில் ஒரு பெரியம்மா ஒரு சொம்பு மோரை நீட்டி, "வெயிலு, குடி கண்ணு" என்றார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலை மிதந்த அந்த மோர் இன்னும் ஞாபகம் இருக்கிறது, அந்த வருஷம் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று. "நான் ஒருவன்தான் மீதி" என்று எலியா புலம்பியபோது, பாகால் என்கிற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார் கர்த்தர். கூடவே ஒரு துணையையும் காட்டினார், பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா. உங்கள் வீதியில் நின்றுபோன தறி உங்களுடையது மட்டும்தானா? கடன் கணக்கை வீட்டுக்காரம்மாவிடம் மறைத்திருந்தால் முழுசாகச் சொல்லிவிடுங்கள், அப்புறம் இரண்டு பேருமாகப் பேங்குக்குப் போய்த் தவணையை நீட்டித் தர முடியுமா என்று கேளுங்கள்.

எழாமலே போனால் தேவலை என்கிற நினைப்பை மட்டும் தனியாகச் சுமக்காதீர்கள். இன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டால் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லையே, இதற்கு மட்டும் என்ன?

ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சிலேயே உட்காருங்கள், பாட வேண்டாம். "எப்படி இருக்கீங்க" என்று கேட்பவர்களில் நம்பிக்கையான ஒருவரிடமாவது "நல்லா இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.