முகடும் பள்ளமும் சந்தித்தால்...

கேள்வி: ஒரு அலையின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் அழிந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் அவற்றின் ஆற்றல் எங்கே போகிறது?

பதில்: ‘அழிந்துவிடும்’ என்ற சொல்லில்தான் வம்பே. அலைகள் சந்திக்கும் இடத்தில் இடப்பெயர்ச்சிகளை, அதாவது ஒவ்வொரு அலையும் எவ்வளவு மேலே அல்லது கீழே தள்ளுகிறது என்பதை, கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 3 செ.மீ. முகடும் 3 செ.மீ. பள்ளமும் சேர்ந்தால் பூஜ்யம். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று கடந்து, பழைய உருவத்தோடு தன் வழியே போய்விடும்.

மாணவனாக இருந்தபோது நானும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டேன். நீளமான கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்து, ஒருவர் மேலே, ஒருவர் கீழே உதறினோம். கயிறு நேராகும் கணத்தைக் கண்ணால் பிடிக்கவே முடியவில்லை! காரணம் பிறகுதான் உறைத்தது. அந்தக் கணத்தில் கயிறு நேராக இருக்கிறதே தவிர, சும்மா இல்லை. நடுப்புள்ளிக்கு ஒரு பக்கம் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் விரைந்துகொண்டிருக்கிறது. ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக அங்கேயேதான் இருக்கிறது.

சரி, ஓயாமல் வரும் அலைகள்? வீச்சு, அதாவது முகட்டின் உயரம், இரட்டித்தால் ஆற்றல் 4 மடங்கு. ஆகவே ஒரே மாதிரியான இரண்டு அலைகள் வலுத்துச் சேரும் இடத்தில் ஓர் அலையின் 4 மடங்கு ஆற்றல், ரத்தாகும் இடத்தில் 0. சராசரி 2. அதாவது இரண்டு அலைகளும் கொண்டுவந்த அதே அளவு; இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஒளியும் இப்படித்தான் என்று ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் 1801-லேயே வாதாடினார்.