மேனேஜர் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிந்தால் குற்றமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் சதை எடுக்கிறேன். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை. கேட்டால், "கேள்வி கேக்குறவளுக்கு நாளையில இருந்து வேலை இல்ல" என்றார் மேனேஜர். டிபன் பையில் இருந்த போனில் அதைப் பதிந்துவிட்டேன். இன்னொரு நாள் என் தோழி, அவர் அறையில் போனை ஒளித்து வைத்துவிட்டு வந்து, அவரும் கணக்குப்பிள்ளையும் பேசியதைப் பதிந்தாள். ஜெயில்தான் என்று மிரட்டுகிறார்கள்.

பதில்: சகோதரி, உங்களிடம் பேசிய பேச்சை நீங்களே பதிந்தது குற்றமில்லை. 1972-ல் தீர்ப்பான மல்கானி வழக்கில், லஞ்சம் கேட்ட பம்பாய் அதிகாரியின் போன் பேச்சை, மறுமுனையில் இருந்த டாக்டரின் சம்மதத்தோடு போலீஸ் பதிந்தது. உச்ச நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது.

தோழியின் கதை வேறு. அந்தப் பேச்சில் அவர் இல்லவே இல்லை. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்தபின், அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அந்தப் பதிவை யாருக்கும் அனுப்ப வேண்டாம். இனி அப்படிச் செய்யவும் வேண்டாம்.

உங்கள் பதிவும் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. மானநஷ்ட வழக்குக்கு நாமே வழிவிடுவானேன்? பலர் காரமான பத்து விநாடியை மட்டும் வெட்டிக்கொண்டு வருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே அல்வா. முழுப் பதிவும் பதிந்த அதே போனில் அப்படியே இருக்கட்டும். கோர்ட்டில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதியை நீங்களும், இன்னொன்றை நிபுணரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் போன் கூடாது என்று கம்பெனி விதி இருந்தால் மெமோ வரலாம். அது வேலை தொடர்பான நடவடிக்கை, ஜெயில் அல்ல. மெமோ வந்தால் பதில் எழுதுமுன் என்னிடம் காட்டுங்கள்.

உண்மையில் ஜெயிலுக்குப் பயப்பட வேண்டியது யார் தெரியுமா? பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விடுவதை, பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316-வது பிரிவு நம்பிக்கை மோசடியாகப் பார்க்கிறது. அதற்கு உங்கள் சம்பளச் சீட்டும் பி.எஃப். பாஸ்புக்கும்தான் முதல் சாட்சி. இரண்டையும் வைத்து பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஆடியோ, வேலை இல்லை என்று மிரட்டியதற்கு மட்டும் சாட்சி.

ஒன்று கேட்க விட்டுப்போனது: ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தில் மேனேஜர் குரல் தெளிவாகக் கேட்கிறதா? குரல் யாருடையது என்று அடையாளம் தெரியாவிட்டால் கோர்ட் ஏற்காது. இன்று ராத்திரியே போட்டுக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை எழுதி, தேதியும் பக்கத்தில் நின்றவர்கள் பெயரும் குறித்து வையுங்கள்.